டிக்கெட் வரவே இல்லை

நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் மோர்கம் கடற்கரையில் இருக்கும் ஒரு விடுதியின் கதவைத் தேடி வருவது மூன்றுதான்: மழை, கரண்ட் பில், "உங்க கூரையில ஓடு நகர்ந்திருக்கு மேடம்" என்று ஏமாற்ற வரும் திருட்டுக் கொத்தன். பூ வராது. அதனால் லில்லிப் பூங்கொத்தோடு வந்து நின்றவனைக் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே விசாரித்தேன்.

"யாருக்கு?"

"ஜெம்ஸ்னு போட்டிருக்கு மேடம்."

"அப்படி யாரும் இங்க இல்லை."

"விலாசம் இதுதானே? வாங்கிக்கோங்க மேடம், நனையறேன்."

வாங்கிக்கொண்டேன். வாங்கியதும் கார்டைப் படித்தேன். அடுத்தவர் கார்டைப் படிக்கலாமா என்று கேட்பவர்கள் விடுதி நடத்திப் பார்த்தவர்கள் இல்லை. துண்டு முதல் தேக்கரண்டி வரை எண்ணிப் பார்க்காமல் எந்த விருந்தாளியையும் நான் வாசல் தாண்ட விட்டதில்லை. கிளெண்டா ஷட்டில்வர்த் ஒரு சந்தேகப்பிராணி என்று இந்தத் தெருவில் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முன்னாலேயே சொல்லலாம், எனக்கு வருத்தமில்லை.

கார்டில் பெயர் இல்லை. "ஜெம்ஸ், மாடி ஜன்னல் திரை அழகா இருக்கு" என்று மட்டும் இருந்தது.

மாடியில் இருப்பவள் ஜெம்மா. மார்ச் மாதம் இரண்டு பைகளோடும் ஒரு சின்ன நீலக் காரோடும் வந்தாள். ஒரு வாரத்துக்கு என்று அறை எடுத்தவள், தங்கிவிட்டாள். வுல்வர்ஹாம்ப்டனில் புருஷன். அவன் பெயர் ஷேன். அவள் மணிக்கட்டு சரியாகச் சேராமல் ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பதைப் பார்த்தபின் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவன் கிட்டே வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருந்தது. ஆனால் உத்தரவைவிட அவளைக் காப்பாற்றியது வேறு: அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான் அவளிடம் இருந்த சொத்து.

சாயந்திரம் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தாள். சமையலறை மேஜையில் பூவைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றாமலே நின்றாள். கார்டைப் படித்தாள். பிறகு பூங்கொத்தை எடுத்துக் குப்பைக்கூடையில் தலைகீழாக இறக்கி, மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றாள், அது எழுந்து வந்துவிடும் போல.

"அவன்தானா?"

"ஜெம்ஸ்னு வேற யாரும் கூப்பிட மாட்டாங்க. கிளெண்டா, யார் சொன்னாங்க அவனுக்கு?"

அதுதான் கேள்வி. அவளுடைய அம்மாவுக்கே விலாசம் தெரியாது. தெரிந்தவர்கள் நான், முதியோர் இல்லத்து மேனேஜர், பக்கத்து வீட்டு நார்மன். போலீஸ்காரர் வந்து ஒரு கோப்பை டீ குடித்து, கார்டைப் பையில் போட்டுக்கொண்டார். பூக்கடையில் காசாகக் கட்டியிருக்கிறார்கள், பேர் இல்லை, யாரென்று நிரூபிக்க முடியாது என்றார். பிஸ்கட் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

எனக்கு நார்மன்மேல்தான் சந்தேகம். வேறு யார்மேல் வரும்? நார்மன் ரிட்டயரான பஸ் டிரைவர். பஸ் ஓட்டிய காலத்தில் 'டிரைவரிடம் பேசாதீர்கள்' என்ற பலகையை மீறியது பயணிகள் இல்லை, அவர்தான் என்று சொல்வார்கள். யார் வீட்டில் பாய்லர் போனது, யாருக்கு மூலம், எல்லாம் அவர் வாயிலிருந்துதான் இந்தத் தெருவுக்குத் தெரியும். போதாக்குறைக்கு ஜெம்மாவின் காருக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்ததும் அவர்தான். மறுநாள் காலை அவர் வாசலில் போய் நின்றேன்.

"யோவ் நார்மன், யார்கிட்டய்யா சொன்னே?"

"என்னத்தை?"

"மாடியில இருக்கற பொண்ணைப் பத்தி. பப்ல உக்காந்து ரெண்டு கிளாஸ் உள்ள போனதும் யார்கிட்ட அளந்து விட்டே?"

அவர் முகம் மாறியது. "கிளெண்டா, என் நாக்கு நீளம்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பொண்ணு விஷயத்துல என் கூடப்பிறந்தவகிட்டகூட மூச்சு விடலை."

"நீ மூச்சு விடறதே பேசறதுக்குத்தானே!"

கதவைச் சாத்திக்கொண்டார். ஓங்கி அறைந்திருந்தால் எனக்குத் தேவலை. மெதுவாகச் சாத்தினார். குப்பை வண்டி வரும் நாளில் என்னுடைய தொட்டியையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போய்த் தெருவில் வைப்பது பல வருஷமாக அவர் வழக்கம். அந்த வாரம் அவருடைய தொட்டி மட்டும்தான் தெருவில் நின்றது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஜெம்மா என் சமையலறையில் சாப்பிடுவதை நிறுத்தினாள். அறைக் கதவுக்குப் பின்னால் அலமாரியை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"கிளெண்டா, தப்பா நினைக்காதீங்க. புக்கிங் கம்ப்யூட்டர்ல என் பேர் போட்டிருக்கீங்களா?"

"இல்லை."

"உங்க தங்கச்சி வீடு வுல்வர்ஹாம்ப்டன் பக்கம்தானே? கோடையில வந்திருந்தாங்களே... அவங்ககிட்ட என்னைப் பத்தி..."

"நீ வாடகைக்கு இருக்கற பொண்ணுன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லலை."

"சரி," என்றாள். அந்தச் 'சரி'யை நான் நன்றாக அறிவேன். துண்டு குறைந்தால் விருந்தாளியிடம் நான் சொல்லும் 'சரி' அது. ஊரையே சந்தேகப்பட்டு வயதான எனக்கு, என்னை ஒருத்தி சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நார்மனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியதை உடனே ஒதுக்கித் தள்ளினேன்.

சில நாள் கழித்து டீயோடு மாடிக்குப் போனபோது கட்டில்மேல் பை திறந்து கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் சரியாத்தானே பண்ணினேன்? போன் மாத்தினேன். பேங்க் மாத்தினேன். ஃபேஸ்புக்கை மூடினேன். ஓட்டர் லிஸ்ட்ல பேர் வெளிய தெரியாம பண்ணினேன். கார் பதிவுல விலாசம் மாத்தலேன்னா அபராதம்னாங்க, அதையும் ஒழுங்கா மாத்தினேன்..."

டீத்தட்டு என் கையிலேயே நின்றது.

"கார் பதிவுல இந்த விலாசமா குடுத்தே?"

"ஆமா. அது அரசாங்கம்தானே. அவங்க யாருக்குக் குடுக்கப் போறாங்க?"

பாவம், சட்டத்தை மதிப்பவள். நானோ ஒவ்வொரு கோடையிலும் இந்தக் கூத்தைப் பார்க்கிறவள். கடற்கரைச் சாலையில் ஒரு தனியார் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. என் விருந்தாளிகள் அங்கே வண்டியை விட்டு, கொஞ்சம் நேரம் தாண்டி எடுப்பார்கள். அங்கே ஆள் இருக்க மாட்டான், கேமரா மட்டும்தான். ஊருக்குப் போய் இரண்டு வாரத்துக்குள் அவர்கள் வீட்டுக்கே 'டிக்கெட்' என்று ஒரு அபராதக் கடிதம் வரும், வண்டி உள்ளே வந்த படம், வெளியே போன படம் எல்லாம் போட்டு, நூறு பவுண்டு கட்டு என்று. உடனே எனக்குப் போன் செய்து கத்துவார்கள், ஏதோ கேமராவை நான் மாட்டியது போல. வண்டி நம்பரை வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் எப்படி வருகிறான்? பார்க்கிங்காரன் அரசாங்க வாகன அலுவலகத்திடம் நம்பரைக் கொடுத்து, ஒரு சின்னக் கட்டணம் கட்டினால், பெயரும் விலாசமும் கிடைத்துவிடும். எல்லாம் சட்டப்படி.

"அரசாங்கம் விலாசத்தை விக்குமா?" என்றாள் ஜெம்மா.

"விக்கறது இல்லையாம் கண்ணு. ஆகற செலவை மட்டும் வாங்கிக்கறாங்களாம்."

"ஆனா நான் எங்கயும் தப்பா நிறுத்தலையே. டிக்கெட் எதுவும் வரலையே."

"கேட்டுப் பாத்துடுவோம்."

இந்தக் காரைப் பற்றி யார் விசாரித்தார்கள் என்று வாகன அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். பதில் வர நாளானது. ஒரே ஒருவர் கேட்டிருந்தார்கள்: தார்ன்பெக் பார்க்கிங் என்ற கம்பெனி, அக்டோபரில். காரணம், வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட் வளாகத்தில் அனுமதித்த நேரத்துக்கு மேல் கார் நின்றதாம்.

ஜெம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வுல்வர்ஹாம்ப்டனா? வந்ததிலேர்ந்து நான் பக்கத்துல இருக்கற லான்காஸ்டரைத் தாண்டலையே. நம்பரை யாரோ மாத்திப் படிச்சிருக்கான். இப்ப நூறு பவுண்டுக்கு எங்க போறது..."

"இரு. டிக்கெட் எங்க?"

"வரலை."

"அக்டோபர்ல விலாசம் வாங்கியிருக்கான். இப்ப டிசம்பர். டிக்கெட் எங்க?"

"மறந்திருப்பாங்க."

"பார்க்கிங்காரனா? மறந்துட்டானா?" எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "போன வருஷம் என் விருந்தாளி ஒருத்தர் இங்கேயே மாரடைப்புல போயிட்டார். ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்ப அவர் வண்டி அங்க நின்னுது. கருமாதி முடியறதுக்குள்ள அவர் பொண்டாட்டிக்கு டிக்கெட் வந்துடுச்சு. அப்பேர்ப்பட்டவன் காசு குடுத்து உன் விலாசத்தை வாங்கிட்டு, ஒரு பென்னிகூடக் கேக்காம உக்காந்திருக்கான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?"

அவள் என்னையே பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

"லூயிஸ்," என்றாள். "ஷேன்கூட ஃபுட்பால் ஆடறவன். ஏதோ ஒரு பார்க்கிங் கம்பெனி ஆபீஸ்லதான் வேலை பாக்கறான். ஷேன் என் கார் நம்பரை அவன்கிட்ட குடுத்திருப்பான். என் கல்யாணத்துல எனக்குக் கேக் வெட்டிக் குடுத்தான்."

தார்ன்பெக் பார்க்கிங்குக்குப் போன் போட்டேன். ஜெம்மா பக்கத்தில் இருந்தாள். பாட்டுக் கேட்க வைத்து, பாட்டுக் கேட்க வைத்து, கடைசியில் புகார்ப் பிரிவிலிருந்து டொமினிக் என்று ஒருவன் வந்தான். குரலில் வெண்ணெய் தடவியிருந்தது. கார் நம்பரைத் தட்டிப் பார்த்தான்.

"நல்ல செய்தி மேடம். இந்த வண்டி பேர்ல எந்த டிக்கெட்டும் இல்லை."

"அதுதான் புகார்."

"புரியலை மேடம். டிக்கெட் இருந்தாத்தான் புகார் பண்ண முடியும்."

"டிக்கெட் போடலைன்னா எதுக்குய்யா விலாசம் வாங்கினீங்க?"

"சிஸ்டத்துல சில சமயம்..."

"சிஸ்டம் தானா எழுந்து போய் வாங்கிச்சா? கார் அங்க நின்னதுக்குப் படம் இருக்கா? உள்ள வந்த படம், வெளிய போன படம்? ஊர்ல இருக்கறவன் வண்டியையெல்லாம் படம் பிடிக்கறீங்களே, இந்த வண்டிக்கு மட்டும் கேமரா கண்ணை மூடிக்கிச்சா?"

தட்டுகிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு பேசியபோது வெண்ணெய் போயிருந்தது. "படம் எதுவும் இல்லை மேடம். இதை நான் மேலே அனுப்பறேன்."

"நானும் அனுப்பறேன்," என்றேன். அனுப்பினேன். வாகன அலுவலகத்துக்கு, தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு, எம்.பி.க்கு, பிஸ்கட் தின்ற போலீஸ்காரருக்கு. லூயிஸ் என்ற பெயரையும் சேர்த்தே எழுதினேன்.

நார்மன் வீட்டுக்கும் போனேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. வாசலில் நின்று, "நீ இல்லை, ஒரு பார்க்கிங்காரன்," என்றேன். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுதான் மன்னிப்பா?"

"வேற மாதிரி எனக்கு வராது."

"உள்ள வந்து தொலை. குளிர் அடிக்குது," என்றார்.

புகார் போகிற வழியில் போகட்டும், அதுவரை ஜெம்மா பத்திரமாக என்னிடம் இருப்பாள் என்று நினைத்தேன். அந்த வாரமே ஒரு போன் வந்தது. ஆண் குரல். ஹாரிஸ் என்றான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு இரவு அறை வேண்டுமாம். மரியாதையாகத்தான் பேசினான். காலை உணவு உண்டா என்று கேட்டான். கடல் தெரியுமா என்று கேட்டான்.

"அப்புறம் மேடம், பின்பக்கம் வண்டி நிறுத்த இடம் இருக்குமா? அந்த நீலக் காருக்குப் பக்கத்துல?"

பின்சந்தில், என் வீட்டு மதிலுக்கும் நார்மனின் கொட்டகைக்கும் நடுவில் நிற்கிறது அந்தக் கார். தெருவிலிருந்து தெரியாது. என் விளம்பரப் படத்திலும் கிடையாது. சந்துக்குள் நடந்து வந்து பார்த்தால்தான் தெரியும்.

"அறை எல்லாம் நிரம்பிடுச்சு சார்," என்றேன்.

"டிசம்பர்லயா?" என்று சிரித்தான். போன் கட்டானது.

ஜெம்மாவிடம் மறைக்க நினைத்தேன். முடியவில்லை, சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவள் அழவில்லை. மேலே போய்ப் பையை எடுத்தாள். இப்படி ஓடி வரும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் ஒரு அமைப்பின் நம்பர் வைத்திருந்தாள், அதற்குப் போன் பண்ணினாள். வேறு ஒரு ஊரில் இடம் இருக்கிறது என்றார்கள்.

"காரைக் கொண்டு போக முடியாது," என்றாள். "திரும்பவும் விலாசம் மாத்தணும். மாத்தினா திரும்பவும்..."

"காரை என் பேருக்கு மாத்து."

"உங்க பேருக்கா? அப்ப அவன் நம்பரைப் போட்டுப் பாத்தா..."

"என் வாசலுக்கு வருவான். வரட்டும். வந்து என்கிட்ட பேசட்டும்."

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என்னைக் கட்டிக்கொள்கிற ஆட்கள் அதிகம் இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். "உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே கிளெண்டா," என்றாள்.

"சந்தேகப்பட்டதுதான் சரி. இனிமேலும் படு."

"போய்ச் சேர்ந்ததும் எங்க இருக்கேன்னு..."

"சொல்லாதே." என் குரலே எனக்குக் கடுமையாகக் கேட்டது. "என்கிட்டயும் சொல்லாதே. எனக்குக் கோபம் வந்தா வாயில எது வரும்னு எனக்கே தெரியாது. எந்த ஊர், எந்த ரயில், ஒண்ணும் வேண்டாம்."

நார்மன் தன் வண்டியில் அவளைக் கொண்டுபோய் விட்டார். பக்கத்து ஸ்டேஷன் இல்லை, தூரத்தில் ஏதோ ஒரு ஸ்டேஷன். காலையில் போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார்.

ஷேன் வந்தான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், சிரித்த முகமாக, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு. சங்கிலியைக் கழற்றாமல் பேசினேன். நீலக் கார் யாருடையது என்று கேட்டான், என்னுடையது என்றேன். அவள் எங்கே என்று கேட்டான், எவள் என்றேன். சிரிப்பு போய்விட்டது. கதவை ஓங்கி உதைத்தான். பக்கத்து வீட்டு வாசலில் நார்மன் மண்வெட்டியோடு நின்றார், பனி இல்லாத நாளில் பனி அள்ளுவது போல. என் வாசல் கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. போலீஸ்காரர் கையில் இப்போது ஷேனின் முகம் பதிந்த படமும் இருந்தது, கோர்ட் உத்தரவும் இருந்தது. இந்த முறை அவர் பிஸ்கட் கேட்கவில்லை, ஷேனைப் பிடித்துக்கொண்டு போனார். ஆனால் இப்படிப்பட்டவர்களை எத்தனை நாள் உள்ளே வைப்பார்கள்? ஜெம்மா இனி இந்த ஊருக்கு வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மாடி அறைத் திரையை நான் மாற்றவில்லை. அதை அவளே தேர்ந்தெடுத்துத் தைத்து மாட்டினாள்.

பிப்ரவரி கடைசியில் போன் அடித்தது. டொமினிக்.

"மேடம், உங்க புகார் முழுக்க நியாயம்னு முடிவாயிருக்கு. அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கியாச்சு. போலீஸ் அவர் பேர்ல வழக்கு போட்டிருக்கு. நடந்ததுக்கு கம்பெனி ரொம்ப வருந்துது."

"சரி."

"மன்னிப்புக் கடிதம் ஒண்ணு தயாரா இருக்கு. அதை நேரா அவங்க கையில சேர்க்கணும்னு விதி. கார் பதிவுல இப்ப உங்க பேர் இருக்கு. அதனால..." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அவங்களோட இப்போதைய விலாசம் கொஞ்சம் சொல்ல முடியுமா?"

முதலில் சிரித்தேன். வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்கவில்லை. அவள் சாப்பிடுகிறாளா, அறைக் கதவுக்குப் பின்னால் அலமாரியை இழுத்து வைக்கிறாளா, புது இடத்தில் டீ கொண்டுபோய்க் கொடுக்க யாராவது இருக்கிறார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது.

"மேடம்? இருக்கீங்களா?"

"எனக்குத் தெரியாது தம்பி," என்றேன். "சத்தியமாத் தெரியாது. அந்தக் கடுதாசியை நீயே வெச்சுக்கோ."

ஜன்னல் வழியாக நார்மன் தெரிந்தார். குப்பை வண்டி போயிருந்தது. காலித் தொட்டிகளைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தார், அவருடையது ஒரு கையில், என்னுடையது ஒரு கையில். கதவைத் திறந்தேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு நின்றார்.

"யாரு போன்ல?"

"பார்க்கிங்காரன். அவ விலாசம் வேணுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னேன்."

அவர் தலையாட்டினார். உதடு ஏதோ சொல்ல வந்தது போல அசைந்து, மூடிக்கொண்டது. எந்த ஸ்டேஷன், எந்தத் திசைக்குப் போகும் ரயில் என்று அவருக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை கேட்டால் போதும், நார்மன் சொல்லிவிடுவார்.

"உள்ள வா, டீ போடறேன்," என்றேன். கேட்கவில்லை.